புதர்க்காட்டைத் திறத்தல்: வேப்பூர் வட்டாரப் புள்ளிமான்களுக்கான மேய்ச்சல் திடல்

மரமும் புதரும் அடர்ந்த நிலத்தின் ஒரு பகுதியைத் திறந்து, சூரிய ஒளி தரையைத் தொடும்படி செய்து, மான்களுக்கு ஏற்ற புல்லும் தழையும் அங்கே வளருமாறு பேணப்படும் இடம் இந்நூலில் மேய்ச்சல் திடல் எனப்படுகிறது. இக்கருத்து அமெரிக்காவில் பெரிதும் வேட்டையை ஒட்டி வளர்ந்தது. அங்கே தோப்பு வைத்திருப்போர் தம் நிலத்தில் ஓரிரு ஏக்கரைத் திருத்தி, குளோவர் என்னும் பயறினத் தீவனச் செடியையும் டர்னிப் கிழங்கையும் விதைத்து, அவற்றைத் தேடிவரும் வெள்ளைவால் மானை உரிமம் பெற்று வேட்டையாடுகின்றனர். இந்தியாவில் அந்த நோக்கத்திற்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்வதோடு நில்லாமல், ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் இரை வைத்துக் கவர்வதையும் சேர்த்திருப்பதால், மானைப் பிடிக்கும் எண்ணத்தோடு ஒரு கைப்பிடி கடலைக்கொடியைப் போட்டு வைப்பதும் அச்சட்டத்தின் கண்ணில் வேட்டையே. ஆகவே இங்கே மேய்ச்சல் திடல் என்பது மானைக் கவர்வதற்கான இடமன்று. மான் ஏற்கெனவே வாழும் காட்டில், அது இழந்துவிட்ட உணவை அதற்கு மீட்டுத் தரும் பணி.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் குறுக்கிடும் இடத்தில் வேப்பூர் அமைந்திருக்கிறது. இதைச் சுற்றியும், இதற்குத் தெற்கே பெரம்பலூர் மாவட்டத்தின் வெண்பாவூர் வரையிலும் காப்புக்காடுகள், அதாவது வனச் சட்டத்தின்கீழ் அரசால் அறிவிக்கப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடுகள், துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. இவை மலைக்காடுகளைப் போல ஓங்கி வளர்ந்தவை அல்ல. வெள்வேல், உசில், காரை, சூரை, இலந்தை, ஆவாரை, விராலி முதலியவை நிறைந்த வறண்ட முட்புதர்க் காடுகளே மிகுதி. இடையிடையே தைல மரத் தோட்டங்களும் உண்டு. இக்காடுகளில் வாழும் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீரையும் பசுந்தழையையும் தேடி வெளியேறுவதும், நெடுஞ்சாலையில் வண்டி மோதியோ, ஊர்நாய்கள் கடித்தோ, கைப்பிடிச் சுவரில்லாத வயற்கிணற்றில் விழுந்தோ இறப்பதும் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வரும் செய்திகளாகிவிட்டன. இவ்வட்டாரத்தில் மேய்ச்சல் திடல் அமைப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி, மான் எதைத் தின்னும் என்பதைவிட, அது எதற்காகக் காட்டை விட்டு வெளியே வருகிறது என்பதே.

புள்ளிமான் அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகளாகப் பிரிந்தது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்கச் செய்து செரிக்கத் தக்கதாக்குகின்றன. மழைக்காலத்தில் அது பெரும்பாலும் இளம்புல்லையே மேயும். புல் முற்றிக் காய்ந்தபின் தழை, உதிர்ந்த இலை, பூ, காய், பழம் ஆகியவற்றுக்கு மாறும். உணவின் இந்த மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால் வயிற்றின் நுண்ணுயிர்களும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. ஆனால் இரக்கத்தின் பேரில் யாரேனும் ஒரே நாளில் மூட்டை மக்காச்சோளத்தையோ சோற்றையோ கொட்டினால், மாவுப்பொருள் விரைந்து நொதித்து, வயிற்றில் அமிலம் பெருகி, மான் இறக்கவும் கூடும். காட்டோரம் காய்கறிக் கழிவைக் கொட்டுவோர் இதை அறிய வேண்டும். அக்கழிவோடு சேர்ந்து செல்லும் பிளாஸ்டிக் பையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. தீவனத்தைக் கொண்டுபோய்ப் போடுவதும் தீவனம் வளர இடம் செய்வதும் ஒரே பணியின் இரு வகைகள் போலத் தோன்றினாலும், முன்னது பெரும்பாலும் தீங்கிலேயே முடிகிறது.

திடலுக்குரிய இடத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. ஒரு கோடை முழுவதும் காட்டை நடந்து பார்த்து, புழுக்கை மிகுந்த இடங்கள், தடங்கள், ஆண்மான்கள் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரித்த இளமரங்கள், மதிய வேளையில் படுத்தெழுந்த நிழல்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டால், மந்தையின் அன்றாடப் போக்குவரத்து தானாகவே விளங்கும். புள்ளிமான் விளிம்பை விரும்பும் உயிர்; மேய்வதற்குத் திறந்த வெளியும், ஆபத்து நேர்ந்தால் பாய்ந்து மறையப் புதரும் அடுத்தடுத்து இருக்கும் இடத்திலேயே அது நிம்மதியாகத் தங்கும். இதனால் பத்து ஏக்கரைச் சதுரமாக மழித்தெடுப்பதைக் காட்டிலும், அறுபது எழுபது மீட்டர் அகலத்தில் வளைந்து நெளிந்து செல்லும் பட்டைகளாகத் திறந்து, இடையே புதரை அப்படியே விட்டுவைப்பது சிறந்தது. நெடுஞ்சாலை, ஊர், விளைநிலம் ஆகிய மூன்றிலிருந்தும் காடு அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி, கூடுமானால் காட்டின் நடுப்பகுதியில், திடல் அமைய வேண்டும். சாலையோரம் ஜேசிபி எளிதில் சென்று வருகிறது என்பதற்காக அங்கேயே புல் வளர்த்தால், மானைச் சாலைக்கு அழைத்த பழி திடலைச் சேரும்.

அடுத்தது திறக்கும் பணி. இவ்வட்டாரத்தில் மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் காணாமற்போனது சீமைக் கருவேலத்தால்தான். மெக்சிகோ முதலிய வெப்ப அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், வேலிக்காத்தான் என்ற பெயரோடு ஊர்தோறும் பரவி, தரிசையும் ஏரிக்கரையையும் காட்டின் வெளிகளையும் மூடிவிட்டது. இதன் அடியில் புல் தழைப்பதில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்து, முன்னிருந்ததைவிட அடர்ந்த புதராக எழும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேர்த்தலையில், துளிர்க்கும் மொட்டுகள் இருப்பதே அதற்குக் காரணம். எனவே ஒரு முழத்திற்குக் குறையாத ஆழத்தில் தோண்டி வேர்த்தலையோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இளங்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். பெயர்த்த குழியை அன்றே மூடுவது நல்லது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சீமைக் கருவேலம் பகை என்று கேட்டுப் பழகியவர்கள் அதை ஒரே பருவத்தில் அடியோடு ஒழிக்க முனைவதுண்டு; ஆனால் வறண்ட கோடையில் அதன் இனிப்பான நெற்றே பல மான்களுக்குப் பசியாற்றுகிறது என்பதும், வேறு நிழலில்லாத இடத்தில் அதன் நிழலே மறி (குட்டி) ஈன்ற பெண்மானுக்கு ஒதுங்குமிடம் என்பதும் உண்மை. மான் தின்ற நெற்றின் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறி மீண்டும் முளைப்பதால் மரமும் பெருகுகிறது. மானுக்கும் மரத்துக்கும் இடையே ஏற்பட்டுவிட்ட இந்த ஒப்பந்தத்தை ஒரே நாளில் கிழிக்க இயலாது. ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கில் நீக்கி, நீக்கிய இடத்தில் மாற்று உணவு வந்தபின் அடுத்த பங்கைத் தொடுவதே அறிவுடைமை. நீக்கிய இடத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளேனும் மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். அதற்குரிய கூலியை முதலிலேயே ஒதுக்காத திட்டத்தைத் தொடங்காமலிருப்பதே மேல். அந்நியக் களைத்தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக்கொள்கை வகுத்திருப்பதால், இப்பணிக்கு நிதிகேட்க ஓர் அடிப்படை கிடைத்திருக்கிறது. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் இருக்குமாயின் அவற்றையும் பூக்குமுன் பறித்துவிட வேண்டும்.

திறந்த நிலத்தில் உடனே விதைக்கத் தோன்றும், பொறுக்க வேண்டும். மண்ணுக்குள் உறங்கும் நாட்டுப்புல் விதை ஒளி பட்டதும் எழும் வாய்ப்பு மிகுதி என்பதால், முதல் மழைக்காலத்தில் உழாமல், எரிக்காமல், ஆடு மாடு புகாமல் காத்து, எது முளைக்கிறது என்று பார்ப்பதே முதல் ஆண்டின் வேலை. அருகும் ஊசிப்புல்லும் பிற நாட்டுப்புற்களும் தாமே வந்துவிட்டால் செலவு மிச்சம். சொட்டையாக நிற்கும் பகுதிகளில் மட்டும் கொழுக்கட்டைப் புல் விதைக்கலாம். வறட்சி தாங்கும் இப்புல் இந்தியாவுக்கு உரியது, ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். புதிதாக அறுத்த விதை ஆறு முதல் எட்டு மாதம் உறக்கநிலையில் இருப்பதால், அதாவது ஈரம் பட்டாலும் முளைக்காத நிலையில் இருப்பதால், சென்ற ஆண்டின் விதையையே பயன்படுத்த வேண்டும். விதை மிக இலேசானது, காற்றில் பறக்கும். ஈரமணலோடு கலந்து, ஆடிக் காற்று தணிந்து ஆவணி மழை பிடிக்கும் நேரத்தில் தூவி, முள்கிளையால் ஒருமுறை இழுத்துவிட்டால் போதும்.

புரதம் மிகுந்த பயறினத் தீவனமாகிய முயல் மசாலையும் வேலி மசாலையும் கால்நடை வளர்ப்போர் நன்கறிவர். முயல் மசால் விதையின் மேலோடு கடினமானது. 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் இட்டு, எடுத்து ஆறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும். ஆயினும் இவ்விரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்பதால் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்துக்கும் பட்டா நிலத்துக்கும் மட்டுமே இந்நூல் அவற்றைப் பரிந்துரைக்கிறது; ஓர் அந்நியச் செடியைப் பெயர்த்தெடுத்த காப்புக்காட்டில் இன்னொன்றை விதைப்பது பொருந்தாது. தீவனச் சோளத்தை எங்கும் விதைக்க வேண்டாம். இளம்பயிராக இருக்கும்போதும், வறட்சியில் வாடியபின் மறுதுளிர் விடும்போதும் அதில் ஹைட்ரோசயனிக் நச்சு கூடுவதையும், அதை மேய்ந்த மாடுகள் சுருண்டு விழுவதையும் சோளம் பயிரிடும் உழவர் அறிவர். மாட்டையாவது ஓட்டிப் பிடித்துக் கட்டலாம்; மானை அவ்வாறு தடுக்க இயலாது.

எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். அசைபோடும் விலங்கு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2.5 விழுக்காடு உலர்தீவனம் உண்ணும் எனக் கொண்டால், சராசரி 50 கிலோ எடையுள்ள மானுக்கு 1.25 கிலோவும், இருபது மான் கொண்ட மந்தைக்கு 25 கிலோவும், கோடையின் நான்கு மாதத்திற்கு 3,000 கிலோவும் தேவைப்படும். மானாவாரிப் புல்வெளி ஹெக்டேருக்கு 2,000 கிலோ உலர்புல் தருவதாக வைத்துக்கொண்டு, அதில் பாதியை வேரும் மண்ணும் பிழைப்பதற்காக விட்டுவிட்டால், மூன்று ஹெக்டேர் வேண்டியிருக்கும். கணக்கு எளிது; ஆனால் கோடையில் நிற்கும் புல் காய்ந்த புல், அதில் நாரன்றிச் சத்து மிகக் குறைவு. எனவே கோடைப்பசியை ஆற்றும் பொறுப்பை மரங்களிடமே ஒப்படைக்க வேண்டும். மார்கழி முதல் மாசி வரை இலந்தை, கோடையில் வெள்வேல் நெற்றும் வாகை நெற்றும், ஆனி ஆடியில் நாவல், பருவம் பாராமல் காய்க்கும் ஆலும் அத்தியும் என, திடலின் ஓரங்களில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று உதிரும்படி கன்றுகளைத் தேர்ந்து நடுவது, விதைத்த புல்லைவிட நெடுங்காலம் பயன்தரும். கொம்பு தேய்க்கும் ஆண்மான் எந்தக் கன்றையும் விட்டுவைக்காது. இரண்டு மூன்று ஆண்டுக்காவது முள்படல் கட்டிக் காக்க வேண்டும். உசில் கிளைகளைச் சிறிதளவு கழித்துவிட்டால் மானுக்கு எட்டும் உயரத்தில் துளிர்க்கும்.

திறந்த வெளியைத் திறந்தபடியே வைத்திருப்பதுதான் கடினம் என்பதற்குச் சான்றுகள் பல. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா தேசியப் பூங்காவில் இடம்பெயர்ந்த ஊர்களின் பழைய வயல்கள் புல்வெளிகளாயின. 1970இல் 66ஆகச் சுருங்கியிருந்த பாரசிங்கா என்னும் சதுப்புமான் மீண்டதில் அவ்வெளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே முளைக்கும் மரக்கன்றுகளை அகற்றும் வேலை இன்றும் ஓய்ந்தபாடில்லை. 1967இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட கோடியக்கரைச் சரணாலயத்தில் சீமைக் கருவேலத்தோடு நடக்கும் போராட்டமும் இத்தகையதே. திறந்த வெளியிலேயே வாழும் வெளிமானுக்கு அது உயிர்ப்பிரச்சினை. புதரையும் சார்ந்து வாழும் புள்ளிமான் சற்றே சமாளித்துக்கொள்ளும்.

தண்ணீரில்லாத திடல் கோடையில் வீண், ஏனெனில் அக்காலத்தில் புள்ளிமான் நாள்தோறும் நீர் அருந்த வேண்டும். செங்குத்துச் சுவருள்ள தொட்டியில் மறிகள் விழுந்து மீள முடியாமல் இறக்கும் என்பதால், தட்டுப்போல ஆழம் குறைந்து எல்லாப் பக்கமும் சரிந்திறங்கும் தொட்டியையே கட்ட வேண்டும். ஒரே பெரிய தொட்டியைவிட, தொலைவில் அமைந்த இரண்டு மூன்று சிறியவை மேல். கூட்டம் ஓரிடத்தில் குவிந்தால் நோயும் பரவும், நாய்களும் காத்திருக்கும். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்த இவ்வட்டாரத்தில் நல்ல களிமண் படிவு உள்ள தாழ்விடங்களும் உண்டு. அங்கே குட்டை வெட்டினால் அடியை மிதித்து இறுக்கிவிட்டாலே நீர் நிற்கும். டிராக்டரில் கொண்டுவந்து நிரப்பும் தொட்டிகளை வாரத்திற்கு ஒருமுறை கழுவ வேண்டும். பங்குனியில் தொடங்கிய நீர் வழங்கலைப் பணமில்லை என்று சித்திரையில் நிறுத்துவது, தொடங்காமலே இருந்ததைவிடக் கொடியது. மந்தை அதற்குள் அந்த இடத்தை நம்பிவிட்டிருக்கும்.

மானின் குட்டிக்கும் ஆட்டின் குட்டிக்கும் தமிழில் மறி என்ற ஒரே பெயர் வழங்குகிறது. இரண்டும் உண்பதும் ஏறத்தாழ ஒன்றே. வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தை வட்டாரத்தில் பெயர்பெற்றது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வாரங்களில் அதன் கூட்டத்தைச் சொல்லி மாளாது. ஆடு வளர்ப்பு இங்குள்ள சிறு விவசாயிகளின் கைப்பணம். எனவே ‘காட்டில் ஆடு நுழையக்கூடாது’ என்று பலகை நட்டுவிட்டுத் திடல் பிழைக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. திடலுக்கென எடுத்த பரப்பில் பாதியளவுக்கேனும் ஊர்ப்பொது நிலத்திலிருந்து சீமைக் கருவேலத்தை அகற்றி, அங்கே முயல் மசாலும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்த்து ஆடுகளுக்கு விட்டுக்கொடுத்தால்தான், கிராம வனக் குழு திடலைத் தன் திடலாகக் காக்கும். ஆட்டுக்கொல்லி நோயும் கோமாரியும் ஆடுமாடுகளிலிருந்து காட்டுக் குளம்பிகளுக்கும் பரவக்கூடியவை என்பதால், காட்டோர ஊர்களின் கால்நடைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் போடப்படுவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஊர்நாய்களுக்குக் கருத்தடை செய்வதும் அப்படியே.

புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில் உணவு பெருகினால் மான் பெருகும். பெருகியது மக்காச்சோளத்திலும் உளுந்திலும் இறங்கும். இதை மறைத்துத் திடல் அமைப்பவர் இரண்டாம் ஆண்டிலேயே உழவரின் நம்பிக்கையை இழப்பார். இத்திடலின் இலக்கு எண்ணிக்கையைக் கூட்டுவது அன்று என்பதைத் தொடக்கத்திலேயே ஊர்க்கூட்டத்தில் சொல்லி, காட்டை ஒட்டிய வரப்புகளில் ஆடு தொடாத ஆடாதொடையையும் நொச்சியையும் நெருக்கி நட்டு, கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப உதவ வேண்டும். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது மானுக்கு முன் மனிதரைக் கொல்லும் குற்றம். வழிதவறி ஊருக்குள் வந்த மானைத் துரத்திப் பிடிக்கவும் கூடாது; மிரண்டு ஓடிய புள்ளிமான் காயமேதும் இல்லாமலே அதிர்ச்சியால் இறந்துபோவதுண்டு.

திடல் பயன்படுகிறதா என்பதை அறியச் செலவு குறைந்த கருவி ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கம்பிவலைக் கூண்டை, மான் வாய் நுழையாதபடி தரையில் பதித்து, திடலின் நாலைந்து இடங்களில் வைத்தால், உள்ளே மேயப்படாத புல்லும் வெளியே மேயப்பட்ட புல்லும் அருகருகே நிற்கும். இரண்டும் ஒரே உயரமாயின் மான் அங்கே வருவதில்லை; இடத்தேர்வு தவறு. வெளியே தரை தெரியுமளவுக்குக் கரம்பியிருந்தால் திடல் சிறியது, அல்லது ஆடு புகுகிறது. புழுக்கையை வைத்து இரண்டையும் வேறுபடுத்துவது எளிதன்று, குளம்புத் தடத்தைப் பார்த்தும் மேய்ப்பரைக் கேட்டும்தான் தெளிய வேண்டும். வெளிப்புல் உட்புல்லின் பாதி உயரம் இருக்குமானால் அளவு சரி.

இவ்வளவும் காப்புக்காட்டில் செய்யத் தனியாருக்கு உரிமையில்லை. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி அங்கே மரம் வெட்டுவதும் மண் கிளறுவதும் குற்றம். வனத்துறையே செய்வதாயினும் செயல்திட்டம் எனப்படும் பல்லாண்டுத் திட்ட ஏட்டில் அது இடம்பெற்றிருக்க வேண்டும். ஊராட்சியோ, தொண்டு நிறுவனமோ, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரோ உதவ முன்வந்தால், வரைபடமும் ஒரு கோடையின் கள நாட்குறிப்பும் இணைத்து, வனச்சரக அலுவலர் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு எழுதுவதே முறை. கோப்பு நகரும் வேகத்தைக் கருதினால், ஆடியில் மண்வெட்டி எடுக்க விரும்புவோரின் விண்ணப்பம் தை மாதத்திலேயே விருத்தாசலம் வனச்சரக அலுவலகத்தைச் சேர்ந்திருக்க வேண்டும்.